ரவுட்டர் கையை மீறி ஓடியது ஏன்?

கேள்வி: ஐயா, கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். வயது 43. அம்மா வீட்டை இடித்தபோது நான் கேட்டு வாங்கி வந்தது ஒரு தேக்கு ஊஞ்சல் பலகை மட்டும்தான். நாலரை அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். ஓரமெல்லாம் சிதைந்து சிம்பு சிம்பாக நின்றது. நானே சரிசெய்யலாம் என்று டிரிம்மர் எனப்படும் சின்ன ரவுட்டர் (மரத்தின் ஓரத்தைச் சீவி வடிவமைக்கும் மின் கருவி) ஒன்றையும், அதில் மாட்டிச் சுழலவிடும் வெட்டு அலகான பிட் 12 உள்ள ஒரு பெட்டியைத் தனியாகவும் ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியில் இருந்த, ஓரத்தை உருட்டிவிடும் அரை இஞ்ச் ரவுண்ட் ஓவர் பிட்டை மாட்டி, நீளப் பக்கத்தில் ஓட்டினேன். நான் இடது கைக்காரி. வலது கோடியில் தொடங்கி இடது பக்கமாக நகர்த்தினேன். பாதிக்கு மேல் போனதும் மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடி, மூலையில் கவிழ்ந்து, பலகையை ஒரு கடி கடித்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பள்ளம். அதற்கு முன் ஓட்டிய இடத்திலும் ஆழம் போகப் போகக் கூடியிருக்கிறது. நடுவில் நிறுத்தி யோசித்த இடத்தில் மரம் கருகியிருக்கிறது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷினை விற்றுவிடச் சொல்கிறார் கணவர். விற்றுவிடவா? பலகையைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: வணக்கம் சகோதரி. மெஷினை விற்க வேண்டாம். பலகையையும் காப்பாற்றலாம். கண்டதைக் கண்டபடி நீங்கள் எழுதியிருப்பதால், பலகையை நேரில் பார்க்காமலே என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடிகிறது. உங்கள் வேலையில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. நகர்த்திய திசை தவறு. பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டில் பிட் சரியாகப் பிடிபடவில்லை. ஒரே மூச்சில் வெட்ட நினைத்த அளவு அதிகம். மூன்றுமே சுவிட்ச் போடுவதற்கு முன்பு முடிவானவை. ரவுட்டர் சுற்ற ஆரம்பித்த பிறகு கைக்கு வேலை குறைவு. அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் பட்டறையில் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்க நான் சொல்லிக்கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

திசையிலிருந்து தொடங்குகிறேன், மூலையைக் கடித்தது அதனால்தான். காடி, அதாவது மரத்தில் நீளப் பள்ளம், எடுக்கும் இழைப்புளியைக் கையால் தள்ளிய காலத்தில் கை நின்றால் கருவியும் நின்றுவிடும். மரம் எதிர்த்தால் தோள் உணரும். ரவுட்டர் அப்படி இல்லை. உங்களுடையது போன்ற டிரிம்மர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுபவை. அப்படியென்றால் ஒரு நொடிக்கு 500 சுற்று. பிட்டில் இரண்டு வெட்டு முனைகள் இருப்பதால் ஒரு நொடிக்கு ஆயிரம் முறை மரத்தைக் கடிக்கிறது. ஒவ்வொரு கடிக்கும் மரம் பதிலுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தால் மெஷின் உங்கள் சொல்படி நடக்கும்.

கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டரை மேலிருந்து பார்த்தால், பிட் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. பலகையின் ஓரம் உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தொடுவது பிட்டின் அந்தப் பக்கம், அதாவது உங்களுக்குத் தொலைவில் உள்ள பக்கம். அந்த இடத்தில் பிட்டின் முனை இடமிருந்து வலமாக ஓடுகிறது. அது மரத்தை வலது பக்கம் தள்ளும். பலகை நகர முடியாததால் மெஷின் இடது பக்கம் தள்ளப்படும். நீங்கள் இடமிருந்து வலமாக நகர்த்தினால் அந்தத் தள்ளலை எதிர்த்துப் போகிறீர்கள். மெஷின் கொஞ்சம் கனமாகத் தெரியும், ஆனால் உங்கள் கைக்கு அடங்கியே இருக்கும். நீங்கள் வலமிருந்து இடமாகப் போனீர்கள். மெஷின் தானாகப் போக விரும்பிய பக்கமே நீங்களும் தள்ளினீர்கள். இரண்டும் சேர்ந்ததும் பிட் மரத்தின் மேல் சக்கரம்போல் ஏறி ஓடிவிட்டது.

நீங்கள் இடது கைக்காரி என்பது இதில் ஒரு குறையே அல்ல. எந்தக் கையால் பிடித்தாலும் பிட் சுற்றும் திசை ஒன்றுதான். ஆனால் உங்கள் கைக்கு இயல்பாக வருவது வலமிருந்து இடம் என்பதால், ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் நிதானித்துப் பாருங்கள். அதற்கு ஒரு வழி: வலது கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டுங்கள். கட்டைவிரலை மரத்தின் ஓரத்தைப் பார்த்துத் திருப்புங்கள். ஆள்காட்டி விரல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தப் பக்கம்தான் மெஷின் போக வேண்டும். இதற்கு மட்டும் நீங்களும் வலது கையையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். கோயிலைச் சுற்றும்போது சாமி நம் வலப்பக்கம் இருக்கும். ரவுட்டரோடு பலகையைச் சுற்றும்போது அதற்கு நேர் எதிராகச் சுற்றுங்கள். பலகை எப்போதும் போகும் திசைக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். போட்டோ பிரேமின் உள்பக்கத்தை வெட்டினாலும் இதே விதிதான். மரம் இடப்பக்கம் இருக்கும்படி போனால், உள்ளே தானாகவே பிரதட்சிணமாகச் சுற்றுவீர்கள். பலகையின் நடுவில் காடி எடுக்கும்போது நேர்ச்சட்டம் ஒன்றை இறுக்கி அதை ஒட்டி ஓட்டுவோம் அல்லவா, அந்தச் சட்டமும் போகும் திசைக்கு இடப்பக்கம் இருக்கட்டும். கையில் ஓட்டும் ரவுட்டர் எப்போதும் இடது பக்கமாகவே இழுக்கும். அந்த இழுப்பை வாங்கிக்கொள்ள அங்கே மரமோ சட்டமோ இருந்துவிட்டால், மெஷின் தன் இழுப்பாலேயே கோட்டில் ஒட்டிக்கொண்டு போகும்.

மெஷினைக் கவிழ்த்து மேசைக்கு அடியில் பொருத்தி, மரத்தை நகர்த்துபவர்களும் இருக்கிறார்கள். அங்கே எல்லாமே தலைகீழ். மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மேசையில் வேலை செய்யும்போது பிட்டுக்கும் தடுப்புச் சட்டத்துக்கும் நடுவில் மரத்தை நுழைக்கவே கூடாது. மரம் அம்பு மாதிரி கிளம்பும்.

அனுபவப்பட்டவர்கள் சில நேரம் வேண்டுமென்றே தவறான திசையில் ஓட்டுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நார் எதிராக நிற்கும் இடத்தில் சிம்பு பெயராமல் இருக்க, காகிதக் கனத்துக்கு மேல் வெட்டாமல், இரண்டு கையும் இறுகப் பிடித்துச் செய்வது அது. ஒரு வருடம் கழித்துச் செய்யுங்கள். இப்போது வேண்டாம்.

சரி, அடுத்தது பிட். ஆழம் போகப் போகக் கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். மூலைப் பள்ளத்தை விட இதைப் படித்தபோதுதான் எனக்கு அதிகம் பதறியது. ஆழம் வைக்கும் திருகு தளர்ந்தும் இருக்கலாம், அதையும் பாருங்கள். ஆனால் என் சந்தேகம் காலெட்டின் மேல்தான். பிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இறங்கியிருக்கிறது. இன்னும் ஓரடி போயிருந்தால் முழுசாகக் கழன்று பறந்திருக்கலாம்.

காரணம் பெரும்பாலும் இதுதான். டிரிம்மருக்கான பிட்டின் காம்பு நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இரண்டு அளவில் கிடைக்கிறது. ஒன்று 6 மி.மீ., இன்னொன்று கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஒன்று அல்ல. 6.35 காலெட்டில் 6 மி.மீ. காம்பைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினால் இறுகிவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் காலெட் என்பது நீளவாக்கில் பிளவுகள் விட்ட ஒரு குழல். சரியான அளவுக் காம்பை மட்டுமே அது முழு நீளத்துக்கும் கவ்வும். அளவு குறைந்தால் ஓரிரு இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். மெஷின் அதிர அதிர பிட் நழுவும்.

பட்டறை போட்ட மூன்றாவது வருடம் நானே இந்தத் தவறைச் செய்தேன். பூஜை அலமாரிக் கதவு ஒன்றில் கால் இஞ்ச் ஆழத்துக்குக் காடி எடுத்துக்கொண்டிருந்தேன். ஓசை மாறியது, அதைக் கவனிக்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். கதவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த உதவியாள் 'அண்ணே, வெளிச்சம் தெரியுது' என்றான். பிட் முக்கால் இஞ்ச் கதவைத் துளைத்து வெளியே வந்திருந்தது. கதவு போனது பரவாயில்லை. அவன் கை அந்தக் கதவைத் தாங்கிக்கொண்டு, துளைக்கு நாலு விரல்கடை தள்ளி இருந்தது. அன்றிலிருந்து புது பிட் எது வந்தாலும் வெர்னியர் என்ற நுண் அளவுகோலை வைத்துக் காம்பை அளந்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவேன்.

நீங்களும் வெர்னியர் ஒன்று வாங்கிவிடுங்கள். 12 பிட்டின் காம்பையும் அளந்து பாருங்கள். காலெட்டின் மேலேயோ கையேட்டிலேயோ அதன் அளவு போட்டிருக்கும். பொருந்தாத காலெட்டுக்குப் பதில் பொருந்தும் காலெட் தனியாகக் கிடைக்கும். அதை வாங்குங்கள், அல்லது பிட்டுகளை மாற்றுங்கள். நடுவில் தகடு சுற்றி, காகிதம் சுற்றி ஒப்பேற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அளவு சரியாக இருந்தாலும் மாட்டும் விதம் ஒன்று உண்டு. முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக் உங்கள் கண் முன்னால் கிடக்க வேண்டும். காலெட்டின் உள்ளே தூள் இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் போடாதீர்கள், வழுக்கும். காம்பை அடி தொடும்வரை உள்ளே விட்டு, பிறகு 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். அடி தொட்டபடியே இறுக்கினால், இறுக்கும்போது பிட்டை உள்ளே இழுக்க காலெட்டுக்கு இடம் இருக்காது. சூட்டில் காம்பு விரிந்தாலும் பிடி தளரும். அதற்காக நிறைய வெளியே இழுத்துவிடவும் கூடாது. காம்பில் முக்கால் பங்காவது காலெட்டுக்குள் இருக்கட்டும். இறுக்கிய பிறகு, காலெட் நட்டு முடியும் இடத்தில் காம்பின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், பிளக்கை உருவிவிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு நட்டை விட்டு விலகியிருந்தால் பிட் நழுவுகிறது என்று அர்த்தம். அன்று வேலையை நிறுத்திவிடுங்கள்.

கருகலுக்கு வருவோம். மேலே சொன்ன கணக்கையே இங்கே வையுங்கள். நொடிக்கு ஆயிரம் கடி. ஓர் அடி நீளத்தை 6 நொடியில் கடந்தால் ஒவ்வொரு கடிக்கும் 0.05 மி.மீ. மரம் கிடைக்கிறது, பிட் சீவுகிறது, சூடு சீவலோடு வெளியே போய்விடுகிறது. அதே ஓர் அடியை அரை நிமிடம் எடுத்துத் தயங்கித் தயங்கிப் போனால் ஒவ்வொரு கடிக்கும் 0.01 மி.மீ.தான். அப்போது பிட் சீவுவதில்லை, தேய்க்கிறது. நின்றே விட்டால் ஒரே இடத்தை நொடிக்கு ஆயிரம் முறை தேய்க்கிறது. கருகாமல் என்ன செய்யும்? பயந்தவர்கள் மெதுவாகப் போவது இயல்பு. ஆனால் ரவுட்டரில் மெதுவாகப் போவது பத்திரம் அல்ல. குறைவாக வெட்டுவதுதான் பத்திரம். கொஞ்சமாக ஆழம் வைத்து, நிற்காமல், ஒரே சீராகப் போங்கள். சரியாகப் போகிறதா என்று கீழே விழுவதைப் பார்த்தே சொல்லலாம். தேக்கில் சின்னச் சின்னச் சீவலாக விழுந்தால் சரியான வேகம். கோதுமை மாவு மாதிரிப் பறந்தால், ஒன்று நீங்கள் தயங்குகிறீர்கள், இல்லையென்றால் பிட் மழுங்கிவிட்டது.

தேக்கில் பிட் சீக்கிரம் மழுங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மரத்துக்குள்ளேயே சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், நுண்ணியதாகக் கலந்திருக்கிறது. அதனால் கார்பைட் முனை வைத்த பிட்தான் தாங்கும். முனையில் பிசின் படிந்து பழுப்பேறினால் மழுங்கியது போலவே கருக்கும். பல நேரம் அது மழுங்கல் அல்ல, அழுக்குதான். முதலில் பிட்டின் நுனியில் மரத்தின் ஓரத்தை ஒட்டி உருளும் சின்னச் சக்கரமான பேரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டால் பிட் புதுசுபோல வெட்டும். பேரிங்கோடு சேர்த்து ஊறவைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து, பேரிங் இறுகி, அடுத்த முறை மரத்தின் ஓரத்தையே கருக்கிக்கொண்டு போகும்.

உங்கள் பிட் விஷயத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அரை இஞ்ச் ரவுண்ட் ஓவர் பிட்டின் மொத்த அகலம் 35 முதல் 38 மி.மீ. வரை வரும். அது 30,000 சுற்றில் சுற்றும்போது அதன் வெளி முனை மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சின்ன மெஷினுக்கு இது அதிகம். ஒரு இஞ்ச் அகலத்துக்கு மேல் இரண்டு இஞ்ச் வரையுள்ள பிட்டை 18,000 சுற்று அளவில் ஓட்டுவதுதான் வழக்கம். உங்கள் டிரிம்மரின் தலையில் வேகத்தைக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 18,000-க்கு இறக்கி, அந்தப் பிட்டையே பயன்படுத்தலாம். சக்கரம் இல்லையென்றால் அதை எடுத்து வைத்துவிட்டு, கால் இஞ்ச் ரவுண்ட் ஓவர் பிட் மாட்டுங்கள். மீதியை இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் உருட்டிக்கொள்ளலாம். ஊஞ்சலில் உட்காருபவர்களின் முழங்கால் மடிப்பு படுகிற ஓரம் அது. நல்ல உருண்டையாக இருந்தால்தான் சுகம். அதனால் நீங்கள் அரை இஞ்ச் என்று முடிவு செய்ததில் தவறு இல்லை. ஒரே ஓட்டத்தில் எடுக்க நினைத்ததுதான் தவறு. அரை இஞ்ச் என்றால் நாலு நூல். ஓட்டத்துக்கு ஒரு நூல் என்று வைத்து, கடைசி ஓட்டத்துக்கு மட்டும் அரை நூலுக்கும் குறைவாக மிச்சம் வையுங்கள். அந்தக் கடைசி மெல்லிய ஓட்டம்தான் கருகல் கோட்டையும் சிம்பையும் துடைத்துக்கொண்டு போகும்.

இனி பலகை. உங்கள் பள்ளத்தின் ஆழம் நகத்தளவு என்றால் 4, 5 மி.மீ. இருக்கும். ஒட்டுப் போட்டு அடைக்கலாம், ஆனால் பழைய தேக்கின் நிறத்துக்குப் புதுத் தேக்கு ஒட்டு என்றைக்கும் பொருந்தாது, கண் அங்கேயே போகும். என் யோசனை, அந்த நீளப் பக்கம் முழுவதையும் இழைப்புளியால் 5 மி.மீ. இழைத்து இறக்கிவிடுங்கள். ஒன்றே முக்கால் அடி அகலத்தில் அது தெரியவே தெரியாது. இழைக்கும் முன் சங்கிலி மாட்டும் துளைகளைப் பாருங்கள். துளைக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு இஞ்சுக்கும் குறைவாகவே மரம் இருந்தால், அல்லது துளையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தால், இழைக்க வேண்டாம்; எனக்குப் படம் அனுப்புங்கள். மனிதர்களைச் சுமக்கும் பலகை அது, அங்கே அழகு இரண்டாவதுதான்.

பழைய பலகையில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கும். எந்தக் காலத்திலோ அடித்து, தலை உடைந்து, மரத்துக்குள் புதைந்து போன ஆணி. ஓரம் முழுக்க, மேலும் கீழும், ஒரு காந்தத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். காந்தம் ஒட்டும் இடத்தில் நோண்டி எடுத்துவிட்டுத்தான் ரவுட்டர். கார்பைட் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. ஆணியில் பட்டால் முனை தெறித்து முகத்துக்கு வரும். பித்தளைத் தகடோ ஆணியோ இருந்தால் காந்தம் காட்டாது என்பதால் கண்ணாலும் பாருங்கள்.

பலகையை இரண்டு பலமான ஸ்டூலின் மேல் போட்டு, அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்து, சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் பாதையை மறிக்கும். பரவாயில்லை, பாதி ஓட்டி, அணைத்து, பிட் நின்ற பிறகு கிளாம்பை மாற்றிப் போட்டு மீதியை ஓட்டுங்கள். யாரையாவது பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். என் பூஜை அலமாரிக் கதவை மறந்துவிடாதீர்கள்.

முதலில் இரண்டு குறுகிய பக்கங்களை ஓட்டுங்கள். அங்கேதான் நார் முடிகிறது. மூலையை விட்டு வெளியேறும்போது சிம்பு பெயரும். பிறகு நீளப் பக்கத்தை ஓட்டும்போது அந்தப் பெயர்ந்த இடம் வெட்டுப்பட்டுச் சுத்தமாகிவிடும். வரிசையை மாற்றினால், பெயர்ந்த சிம்பு அப்படியே நிற்கும். மேல் ஓரம் நாலும் முடிந்ததும் பலகையைத் திருப்பிப் போட்டு அடி ஓரம். உங்கள் பலகை ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மி.மீ. இரண்டு பக்கமும் அரை இஞ்ச் உருட்டினால் நடுவில் 12, 13 மி.மீ. தட்டையாக மிஞ்சும், பேரிங் உருள அது போதும். கனம் குறைந்த பலகையில் இப்படி இரண்டு பக்கமும் உருட்டினால் இரண்டாவது பக்கம் ஓட்டும்போது பேரிங் சாய இடம் இல்லாமல் பிட் உள்ளே புகுந்துவிடும்.

மூலையில் மெஷின் ஏன் கவிழ்ந்தது என்றால், நேர் ஓரத்தில் ஓடும்போதே டிரிம்மரின் அடித்தட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் மரத்தின் மேல் இருக்கிறது. மூலைக்கு வந்ததும் அது கால் பங்காகிவிடும். மீதி முக்கால் பங்கு காற்றில். அந்த நேரத்தில் கையின் கனம் வெளிப்பக்கம் இருந்தால் மெஷின் சாய்ந்தே தீரும். கனம் எப்போதும் பலகையின் உள்பக்கம் இருக்க வேண்டும். இதற்கு நான் டிரிம்மர் வாங்கும் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வேலை: 6 மி.மீ. பிளைவுட்டில் ஓரடி நீளத்துக்கு, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய பேரிக்காய் வடிவத்தில் ஒரு தட்டு வெட்டி, ஒரு கோடியில் மெஷினைத் திருகி, மறு கோடியில் அலமாரிக் கைப்பிடிக் குமிழ் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு இடது கையில் பலம் அதிகம் என்றால் குமிழை அந்தக் கையால் அழுத்திப் பிடியுங்கள். குமிழ் பலகையின் மேல் இருக்கும்வரை மெஷின் கவிழாது. அரை நாள் வேலைதான். இருந்திருந்தால் அந்தக் கடி விழுந்திருக்காது.

உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள். கையுறை போடாதீர்கள், பிட்டில் நூல் சிக்கினால் கையையே உள்ளே இழுக்கும். வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு, தொங்கும் சங்கிலி, துப்பட்டா, முன்னால் விழும் பின்னல், எதுவும் வேண்டாம். கயிற்றை அவிழ்க்க மனம் இல்லையென்றால் முழங்கைப் பக்கமாக மேலே ஏற்றி இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கு மஃப், மூக்குக்கு என்95 மாஸ்க். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும். நான் முதல் பத்து வருடம் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தவன். துண்டு போதாது. இந்த மாஸ்க்கை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். சின்ன டிரிம்மர்கள் பலவற்றில் இருப்பது தள்ளினால் அப்படியே நிற்கும் சுவிட்ச். ஓடும்போது கரண்ட் போனால் மெஷின் நிற்கும், சுவிட்ச் 'ஆன்'-லேயே இருக்கும். நீங்கள் அதைப் பலகை மேல் படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவீர்கள். கரண்ட் வந்ததும் மெஷின் தானாகக் கிளம்பி, கேபிளையும் காலையும் தேடிக்கொண்டு தரையில் ஓடும். எனவே கரண்ட் போன நொடியே சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். சுவிட்ச் போடும்போது பிட் மரத்தைத் தொடக் கூடாது. முழு வேகம் வந்த பிறகே மரத்துக்குள் நுழைய வேண்டும். அணைத்த பிறகும் பிட் பல நொடிகள் சுற்றும். அது முழுக்க நிற்கும்வரை மெஷின் கையிலேயே இருக்கட்டும். கேபிள் தோளுக்குப் பின்னால் போகட்டும்.

உங்கள் கணவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் அடுத்த முறை அவரையும் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாலு அடி தள்ளி நின்று, நீங்கள் நகர்த்தும் திசையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டம் ஊஞ்சல் பலகையில் வேண்டாம். மரக்கடையில் ஒன்றரை இஞ்ச் கனத்தில் இரண்டடி வேம்புத் துண்டு சொற்ப விலைக்குக் கிடைக்கும். நாலு பக்கமும் சுற்றி, ஒரு நூல், இன்னொரு நூல் என்று இறக்கிப் பாருங்கள். மெஷின் உங்கள் கையை எதிர்த்துக்கொண்டே, ஆனால் ஓரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு போகும் அந்த உணர்வு இரண்டாவது சுற்றிலேயே கைக்குப் பிடிபட்டுவிடும்.

அதற்கும் முன்னால் காம்பை அளந்துவிடுங்கள். வெர்னியர் என்ன காட்டியது, காலெட்டில் என்ன அளவு போட்டிருக்கிறது, மெஷினில் வேகச் சக்கரம் இருக்கிறதா, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். துளைக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்து.